கிரீன் கார்டு வரும்வரை பிரம்மச்சரியம்

1

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சொத்து இரண்டு பேருக்குப் பொதுவாக இருந்தால், அதில் ஒருவர் தன் பங்கை மட்டும்தான் தானமாக எழுதிக் கொடுக்க முடியும். அடுத்தவர் பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமென்றால், அடுத்தவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தானம் பெறுகிறவர் யார் என்பதைப் பற்றி விதிக்குக் கவலை இல்லை. ஏழுமலையானே ஆனாலும் இதுதான்.

முப்பத்தொரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகங்களில் இந்த விதியை ஒப்பித்துக்கொண்டிருந்தவள் நான். நகரி, புத்தூர், சத்தியவேடு, ஓய்வுபெறும்போது சித்தூர். தங்கைக்குத் தெரியாமல் அண்ணன், அண்ணனுக்குத் தெரியாமல் தம்பி என்று பொதுச் சொத்தை எழுதிக் கொடுக்க வந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் சொந்த வீட்டில் அதே காரியம் நடந்திருப்பது, நடந்து நான்கு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

என் மருமகன் தாமோதரம் எழுதிக் கொடுத்தது நிலம் அல்ல. தனக்கும் என் மகள் ரேவதிக்கும் பொதுவான படுக்கையை. திருமலையில், கொடிமரத்துக்கு முன்னால் நின்று, அமெரிக்காவில் கிரீன் கார்டு கைக்கு வரும்வரை பிரம்மச்சரியம் காப்பதாக மொக்கு வைத்துக்கொண்டார். வேண்டுதலுக்கு எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்துத் தமிழில் மொக்கு என்றுதான் பெயர். தெலுங்கிலிருந்து இரவல் வாங்கியது; இதுவரை திருப்பித் தரவில்லை.

அந்த விவகாரம் தீர்ந்து இந்த ஆவணியோடு ஒரு வருடம். போன வாரம் புத்தூரிலிருந்து பழைய சக ஊழியை ஒருத்தி போன் செய்து, "உன் மாப்ள சாமியாராப் பூட்டாராமே, நெசமா?" என்று கேட்டாள். குரலில் துக்கத்தைவிட ஆர்வம் அதிகம். பதிவில் பிழை இருந்தால் திருத்துவது என் தொழில். அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மகளிடமும் மருமகனிடமும் தனித்தனியாக எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஏன் அவ்வளவு கவனம் என்பது போகப்போகத் தெரியும்.

முடிவை ஒளித்துவைக்கவும் விரும்பவில்லை. நாங்கள் ஜெயித்தோம்.

2

நான் இந்த நாட்டுக்கு வந்த விதத்தைச் சொன்னால்தான் மருமகனின் வயிற்றெரிச்சல் விளங்கும். என் மகன் முன்பே வந்தவன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் எல்லாம் குழம்பிப்போகும் என்று உலகம் பயந்தபோது, அந்தக் குழப்பத்தைத் தடுக்க ஆள் பிடித்து அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவன். கணினிகள் குழம்பவில்லை, இவன் குடிமகனாகிவிட்டான். குடிமகனின் தாய் என்ற வகையில் எனக்குப் பதினோரு மாதத்தில் கிரீன் கார்டு வந்துவிட்டது. நான் கேட்டதுகூட இல்லை. கணவர் போன பிறகு புத்தூர் வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் போட்டுவைத்த விண்ணப்பம்.

தாமோதரம் வேலை வழியாக விண்ணப்பித்தவர். அந்த வரிசை வேறு. இன்ன தேதிக்கு முன்னால் விண்ணப்பித்தவர்கள் உள்ளே வரலாம் என்று மாதம் ஒருமுறை ஓர் அறிவிப்பு வரும். அந்தத் தேதி சில மாதம் முன்னே நகரும். சில மாதம் நிற்கும். சில மாதம் பின்னாலும் போகும். பின்னால் நகரும் வரிசையை நான் திருமலையில்கூடப் பார்த்ததில்லை.

மகன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, போன வருடம் சித்திரையில் நியூஜெர்சிக்கு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பேத்தி ஹரிணிக்கு ஏழு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்; தெலுங்கில் கேட்டால் தன் அம்மாவைப் பார்ப்பாள். காலை எட்டேகாலுக்கு அவளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவது என் முதல் வேலை. அவள் அம்மாவோடு மாடி அறையில் தூங்கினாள். மருமகன் கீழே பூஜை அறையில் பாய் விரித்துப் படுத்தார். நான் அதை முதலில் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் ஆண்கள் மாலை போட்டுக்கொண்டு பாயில் படுப்பது வழக்கம்தானே. பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது: இது கார்த்திகை இல்லை, சித்திரை. அவர் கழுத்தில் மாலையும் இல்லை.

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடம் முந்திக்கொண்டது. மாணவர் நலனைப் பார்க்கும் ஓர் அம்மாள் வீட்டுக்குப் போன் செய்தார். அந்த நேரம் பார்த்து எடுத்தவர் தாமோதரம். மிகவும் மெல்லிய குரலில், ஹரிணியின் தந்தையை இழந்த துயரத்தில் தாங்களும் பங்குகொள்வதாக அந்த அம்மாள் சொன்னார். யார் பேசுவது என்று தாமோதரம் கேட்க, அந்த அம்மாள் தன் பெயரைச் சொன்னார். பிறகு, நீங்கள் யார் என்று இவரைக் கேட்டார். "நான்தான் அந்தத் தந்தை" என்றார் இவர்.

ரேவதியும் நானும் நேரில் போனோம். 'என் குடும்பம்' என்ற தாளில் பேத்தி வீடு வரைந்திருந்தாள். மேலே அம்மாவும் தானும். ஓர் அறையில் அம்மம்மா. கீழே ஓரமாக அப்பா, பக்கத்தில் நாமம் போட்ட சாமி. அடியில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்: அப்பா இப்போது சாமியோடு இருக்கிறார். இந்த நாட்டில் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான். விளக்கம் எழுதிக் கொடுத்து, தந்தை உயிரோடு இருக்கிறார் என்று கையெழுத்திட்டோம். எத்தனையோ வாரிசுச் சான்றிதழ் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருப்பவர் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுத்தது அதுதான் முதல்.

திரும்பும் வழியில் ரேவதி காரை ஓரமாக நிறுத்தி அழுதாள்.

3

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"நாளு கணக்கா? வருசம் கேளு."

"சரி, வருசம்."

"நாலு."

மொக்கு விவரத்தை அப்போதுதான் சொன்னாள்.

"நீ சம்மதிச்சியா?"

"இன்னாம்மா, ஆபீஸ்ல கேக்கறா மாதிரி கேக்கற? கேட்டாத்தானே சம்மதிக்கறதுக்கு. மலையெறங்கி வந்து அலிபிரில பஸ்ஸுக்கு நின்னுக்கினு கீறோம், மொட்டத் தலையோட சொல்றாரு. ஒரு வருசந்தான் ரேவதி, வக்கீல் சொல்லிக்கீறாருன்னு. நான் சிரிச்சிட்டேன். ஒரு வருசந்தானேன்னு."

வக்கீல் சொன்ன ஒரு வருடம் முடிந்தது. வரிசை நகரவில்லை. மருமகனின் தட்டிலிருந்து வெங்காயம் போயிற்று, பூண்டு போயிற்று. இரண்டாவது வருடம் தாமோதரத்தின் பிறந்த நாள் வந்தது.

"அன்னிக்கு நாந்தான் கூப்ட்டேன்" என்றாள் ரேவதி. சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வந்தாரு. சந்தோசமாத்தான் இருந்தாரு. அடுத்த வாரம் அறிவிப்பு வந்துச்சி. தேதி ரெண்டு வருசம் பின்னாடி பூட்ச்சி."

"அதுக்கும் இதுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியாதா? அவருக்கும் தெரியும். ஒரு வார்த்த சொல்லலம்மா. சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். பேசாம பாய எடுத்துக்கினு கீழ பூட்டாரு. அப்புறம் மாசாமாசம் தேதி பாக்கறப்பல்லாம் எனக்கே தோணும், என்னாலதானோன்னு. ஆசப்பட்டது நாந்தானே."

நான்கு வருடத் தனிமையைவிட இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைச் சுட்டது. பி.டெக். படித்தவள், கணக்கில் என்னைவிடக் கெட்டி; தன் ஆசைதான் ஒரு நாட்டின் குடியேற்ற வரிசையைப் பின்னுக்குத் தள்ளியது என்று நம்பும் இடத்துக்கு வந்திருந்தாள்.

"லீவுல டிக்கெட் வெல ஜாஸ்தி" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஆவணி கடைசிக்குப் போட்டுக்கீறேன். எனக்கும் பாப்பாக்கும். ஒன் வே. புத்தூர்ல உன் வீடு காலியாத்தானே கீது."

இந்த இடத்தில் என் கோப்பையும் ஒருமுறை திறந்து மூட வேண்டும். என் கணவர் பள்ளி ஆசிரியர். அவர் சித்தூரில், நான் சத்தியவேட்டில் என்று ஆறு வருடம் இருந்தோம். கணவன் மனைவி இருவரும் அரசு ஊழியர் என்றால் ஒரே இடத்தில் அமர்த்த முயல வேண்டும் என்று விதி உண்டு. முயன்றார்கள். சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து வருவார். திங்கள் விடியலில் போய்விடுவார். அப்போது எனக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது. ஓய்வூதியக் கணக்கில் அந்த ஆறு வருடமும் முழுதாகச் சேர்ந்தது. மற்றக் கணக்கில் ஒரு நாளும் திரும்ப வரவில்லை. அதனால் ரேவதி சொன்னதைக் கேட்டு நான் அதிர்ச்சியடையவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

4

மருமகனோடு பேசச் சனிக்கிழமை காய்கறி வாங்கப் போகும் காரைத் தேர்ந்தெடுத்தேன். ஓட்டுகிறவர் எழுந்து போக முடியாது.

தாமோதரத்தின் ஊர் வடமாலபேட்டை. அவருடைய அப்பாவுக்கு ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. ஊரின் அந்தத் தலைமுறையில் முதல் இன்ஜினியர் இவர். என் உறவினர்கள் அந்தச் சம்பந்தத்தை இரண்டு மாதம் முணுமுணுத்தார்கள். பையன் நல்லவன், பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது, வயதுச் சான்றிதழ் சரியாக இருக்கிறது; வேறென்ன வேண்டும் என்று நான் முடித்துவைத்தேன்.

அந்தக் கல்யாண வருடத்தில் ஒரு கூத்து நடந்தது. புதுமணத் தம்பதியை ஆடியில் பிரித்துவைப்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் தெலுங்குப் பஞ்சாங்கம். அவர்களுக்கு ஆஷாட மாதம் அமாவாசைக்கு மறுநாளே பிறந்துவிட்டது. ரேவதியைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ஆஷாடம் முடிந்து அவர்கள் கூப்பிட வந்தபோது எங்கள் தமிழ் ஆடி தொடங்கி நடந்துகொண்டிருந்தது. அனுப்ப மாட்டோம் என்றார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். எல்லையில் வாழ்வதன் பலன், இரண்டு நாட்காட்டியின் தடையும் ஒரே ஜோடியின் தலையில் விழுந்தது. அந்த ஏழெட்டு வாரமும் ரேவதிக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. சனிக்கிழமை தவறாமல் நாராயணவனம் கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள். மாப்பிள்ளை சென்னையிலிருந்து அங்கே வந்து தூணுக்குப் பின்னால் நிற்பார் என்பது பிரசாதம் விற்பவர் வரைக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணக் கோலத்தில் நிற்கிற பெருமாள் அல்லவா அது.

அந்த மனிதரா இப்படி என்று நினைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினேன்.

"மாப்ள, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க அத்தெ."

"மொக்கு வெக்கறப்ப ரேவதிய ஏன் கேக்கல?"

கார் ஒரு சிக்னலைத் தாண்டியது. "அவ சொல்லிட்டாளா?"

"பள்ளிக்கூடமே சொல்லிடுச்சே."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றது. "அத்தெ, எங்க நைனா கல்லு ஒடச்சாரு. எனக்கு இங்க வேல போச்சுன்னா அன்னிக்கே மூட்ட கட்டணும். ஊர்ல ஏழு பேரு என்ன நம்பிக்கினு கீறாங்க. சாமி முன்னாடி நின்னுக்கினு யோசிச்சேன், எங்கிட்ட இன்னா கீது குடுக்கறதுக்கு? முடி குடுத்தேன். அது எல்லாருந்தான் குடுக்கறாங்க. எனக்கு ரொம்பப் புடிச்சது எதுவோ அத்த குடுத்தாத்தானே அது மொக்கு?"

ஒருவன் தன் மனைவியை இதைவிட உயர்வாகப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் புகழ் போய்ச் சேர வேண்டியவளுக்குச் சேரவே இல்லை. அவளுக்குப் போய்ச் சேர்ந்தது பழி மட்டும்.

"புடிச்சது உங்களுக்கு மட்டுமா மாப்ள? அவளுக்கும் பாதி உண்டில்ல? அந்தப் பாதிய நீங்க எப்பிடிக் குடுத்தீங்க?"

"சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கறதா?"

"உங்களுது இல்லாதத குடுத்தா அது குடுத்ததே ஆவாது. தள்ளுபடி. அதுவுமில்லாம, சாஸ்திரம் உங்க பக்கம் இல்ல. நான் படிச்சிருக்கேன்."

கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்கதான் அத்தெ, இல்லங்கல. ஆனா நீங்க அவ அம்மா. ஒரு கட்சிக்காரங்க. நீங்களே தீர்ப்பு சொன்னா நல்லாவா இருக்கும்? திருப்பதில இருந்து தெரிஞ்ச பெரியவரு ஒருத்தரு எழுத்துல குடுக்கட்டும். ஒத்துக்கறேன்."

ஆட்சேபம் செல்லும். என் அலுவலகத்தில் என் உறவினர் பத்திரத்தை நானே பதிந்ததில்லை. கொத்தமல்லி வாங்கப் போனோம்.

5

நான் படித்திருக்கிறேன் என்று சொன்னது வீம்புக்கு அல்ல. அரசு வேலைக்கு முன்னால் திருப்பதியில் சமஸ்கிருதம் எம்.ஏ. படித்தேன். விவசாயக் குடும்பத்துப் பெண் சமஸ்கிருதத்துக்குப் போனதற்குக் காரணம் ஞானத் தேடல் இல்லை. விடுதியும் சாப்பாடும் இலவசம். வகுப்பில் நாங்கள் இரண்டு பெண்கள். தர்ம சாஸ்திரத்தில் இல்லறப் பகுதி வந்தபோது ஆசிரியர் ஒரு பதினைந்து சுலோகத்தைத் தாண்டினார். "இவற்றை வீட்டில் படித்துக்கொள்ளலாம்" என்றார். விடுதியில் விளக்கு அணைக்கும் முன்னால் நாங்கள் இருவரும் படித்து முடித்தோம். பாடத்திட்டத்தில் நான் மறக்காத பகுதி அது ஒன்றுதான்.

ஊரில் பலர் நினைப்பதுபோல, பிள்ளை வேண்டும் என்பதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்கிற காரியமாகப் பழைய நூல்கள் இன்பத்தை வைக்கவில்லை. அறம், பொருள், இன்பம் மூன்றும் மனிதன் நாட வேண்டியவை. ஒன்று மற்றொன்றை மிதிக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. இன்பத்துக்காக அறத்தை மிதிக்காதே என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். பொருளுக்காக இன்பத்தை மிதிக்காதே என்பதும் அதே நிபந்தனையின் மறுபாதி. அதை யாரும் சொல்வதில்லை. கிரீன் கார்டு எந்த வகையில் சேரும்? அது பொருள். சந்தேகமே இல்லை.

காமத்தையே சாஸ்திரமாக எழுதியவர்கள் பெண்ணுக்கும் இன்பம் உண்டு, அதை அறியாதவன் பாதி அறிந்தவன் என்ற போக்கில் எழுதினார்கள். தர்மம் எழுதியவர்கள், அவர்கள் அளவுக்கு ரசிகர்கள் இல்லை, ஆனால் அவர்களும் இரண்டு விஷயத்தைத் தெளிவாக வைத்தார்கள். மாதவிலக்கு முடிந்து வரும் பருவ நாட்களில் மனைவியை ஒதுக்குவது கணவனுக்குக் குற்றம். மற்ற நாட்களில் அவள் விரும்பினால் அவன் இணங்க வேண்டும். ஏனென்றால் அது பெண்களுக்கு இந்திரன் கொடுத்த வரம். இந்திரன் செய்த கொலைப் பாவத்தில் ஒரு பங்கைப் பெண்கள் சுமந்துகொண்டார்கள். பதிலுக்குக் கேட்டு வாங்கிய வரம் அது. இனாம் இல்லை, கிரயம்.

இதே நூல்களில் பெண்களைப் பற்றி வேறு என்னென்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவற்றை நான் மேற்கோள் காட்டவில்லை. எதிர்த்தரப்பு விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்தால், அதில் நமக்குச் சாதகமான பிரிவைத் தேடுவது குற்றமில்லை.

என் வகுப்பில் படித்த சேஷாச்சாரி திருப்பதியில் அதே சாஸ்திரத்தைக் கற்பித்து ஓய்வுபெற்றிருந்தார். அவருக்கு நல்ல காகிதத்தில் மனு எழுதினேன். பொருள்: கணவன் தன்னிச்சையாக ஏற்ற விரதம் மனைவியைக் கட்டுப்படுத்துமா என்பது குறித்து. பார்வை: ஏதுமில்லை. சங்கதிகள் ஒன்று முதல் ஒன்பது வரை. வைகாசியில் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்பினேன். ஒப்புகை வந்தது. பதில் வரவில்லை. ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். ஆனி கடைசியில் உறை வந்தது. திறந்தால், என் மனுவே திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் அவருடைய கோழிக் கிறுக்கல்:

'மனுதாரர் யார்? இச்சை யாருடையதோ அவர் கேட்டால் இது தர்ம விசாரம். அவர் அறியாமல் தாய் கேட்டால் ஊர்வம்பு. உரியவர் கையெழுத்துடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

முப்பத்தொரு வருடத்தில் நான் திருப்பி அனுப்பிய அத்தனை பேரும் அன்று என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். எனக்குப் பங்கே இல்லாத சொத்தில் நான் தன்னந்தனியாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

6

ரேவதியிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவள் தாளை வாங்கி, ஒன்று முதல் ஒன்பது வரை படித்தாள். முகம் சிவந்தது.

"நாலாவது பாயின்ட்ல என் பொறந்தநாள் விசயம்லாம் எழுதிக்கீற?"

"அவரு பொறந்தநாள்."

"யாருதா இருந்தா இன்னா! எங்கிட்ட கேட்டியாமா நீ? அவரு கேக்காம சாமிகிட்ட குடுத்தாரு. நீ கேக்காம ஐயருகிட்ட குடுத்துட்ட. உங்க ரெண்டு பேருக்கும் இன்னா வித்தியாசம்?"

வித்தியாசம் இருந்தது. அவர் நான்கு வருடமாகப் பட்டினி கிடந்தார், நான் கிடக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். பெற்ற மகளிடம் அந்த வார்த்தையை அதுவரை நான் பயன்படுத்தியதில்லை. வாயில் சரியாக உட்காரவில்லை, இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், "துன்னு" என்பாள், போய்விடுவாள். பதிமூன்றாம் நாள், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையலறை மேசையில் ஹரிணியின் கோடு போட்ட நோட்டைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். தெலுங்கில் எழுதினாள். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பேச்சு ஒரு மொழியில் இருக்கும், எழுத்து இன்னொன்றில். மூன்று தாள் கிழித்தாள். நான்காவதை என் முன்னால் வைத்தாள்.

"பிழை இருந்தா பாரு. விசயத்த மாத்தாத."

அது ஐந்தே வரி. தமிழில் ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'ஐயா, என் கணவரை எனக்குப் பிடிக்கும். அவர் உடம்பையும் பிடிக்கும். அதை அவர் என்னைக் கேட்காமல் சாமிக்குக் கொடுத்துவிட்டார். நான் ஆசைப்பட்டது தப்பு என்றால் எந்த விதியின்படி என்று சொல்லுங்கள். தப்பில்லை என்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள்.'

என் ஒன்பது சங்கதிகளும் அதன் முன்னால் நிற்கவில்லை. ஒரு பிழையும் இல்லை என்றேன். இரண்டு இருந்தது, விட்டுவிட்டேன்.

பதில் இருபத்திரண்டு நாளில் வந்தது, ஆவணி பிறந்து ஒரு வாரத்தில். உறையின்மேல் ரேவதியின் பெயர் மட்டும். என்னை நலம் விசாரித்துக்கூட ஒரு வரி இல்லை. சேஷாச்சாரி எழுதியிருந்ததன் சுருக்கம் இது.

ஒருவன் விரதமாகக் கொடுக்கக்கூடியது தன்னுடையதை மட்டும். மனைவி உடன்படாத பிரம்மச்சரியம் விரதக் கணக்கில் வராது, ஒதுக்குதல் கணக்கில்தான் வரும். அவள் ஆசைப்பட்டதில் தோஷம் இல்லை. அது அவளுக்கு வரமாக வந்தது. தோஷம் இருந்தால் மறுத்தவனுக்கு.

அதோடு நிறுத்தியிருந்தால் மருமகன் வாக்குத் தவறியவராகி, தலை குனிந்து வாழ்ந்திருப்பார். சேஷாச்சாரி அங்கே நிற்கவில்லை. எந்தச் சட்டத்திலும் சொல் என்ன பொருளில் வருகிறது என்று ஒரு விளக்கப் பிரிவு இருக்கும். வக்கீல்கள் கடைசியில்தான் அதைத் திறப்பார்கள். அவர் திறந்தார். அமாவாசை, பௌர்ணமி போன்ற விலக்கப்பட்ட இரவுகளை விலக்கி, தன் மனைவியிடம் மட்டும் நியமத்தோடு சேருகிற இல்லறத்தான், எந்த ஆசிரமத்தில், அதாவது வாழ்வின் எந்த நிலையில் இருந்தாலும் பிரம்மச்சாரியாகவே கருதப்படுவான். சாஸ்திரத்தின் சொந்த வார்த்தை அது. ஆகவே உங்கள் கணவர் மொக்கை முறிக்க வேண்டியதில்லை. கார்டு வரும்வரை தாராளமாகக் காக்கலாம். பஞ்சாங்கம் பார்த்து நடந்தால் போதும். எந்தெந்த இரவு விலக்கு என்று ஒரு பட்டியலும் இணைத்திருந்தார். மீதி நாட்கள் கணிசமாக இருந்தன.

கடைசி வரி: 'இதற்கு மேல் அவர் உங்களிடம் கேட்க வேண்டும். நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு காலத்துக்குள் என்று சாஸ்திரத்தில் கெடு இல்லை.'

ரேவதி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். எந்த இடத்தில் நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியும். 'தோஷம் இல்லை' என்ற வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மாதாமாதம் வரும் அந்தத் தேதி அறிவிப்பு கணினியில் திறந்திருந்ததைப் பார்த்து, "அத்த மூடு மொதல்ல" என்றாள்.

7

தாமோதரம் கடிதத்தைக் கராஜில், காருக்குள் உட்கார்ந்து படித்தார். அரைமணி நேரம். சாப்பிட வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஹரிணி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். இவர் நான் போகும்வரை காத்திருப்பார் என்று நினைத்தேன். இல்லை.

"ரேவதி, உன்ன கேக்காம குடுத்துட்டேன். அன்னிக்குத் தேதி பின்னாடி போனப்போ, அது உன்னால இல்லன்னு நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான்."

"ம்."

"இப்ப கேக்கறேன். உனக்கு இன்னும் எம்மேல ஆச கீதா?"

நான் கரண்டியைப் போட்டுவிட்டுத் தொட்டியடிக்கு ஓடிக் குழாயைத் திறந்தேன். பிறகு கொஞ்சம் குறைத்தேன். பதில் காதில் விழ வேண்டாமா.

"நாலு வருசம் காக்க வெச்சீங்க" என்றாள் ரேவதி. "யோசிச்சி சொல்றேன்."

ஒன்பது நாள் யோசித்தாள். நான் கேட்கவில்லை, பட்டது போதும். கேட்டவர் அவர்தான். காலையில் காபி வாங்க வரும்போது, ரகசியமாக, "அத்தெ, ஏதாவது தெரிஞ்சிதா?" என்பார். "மனு பரிசீலனைல கீது மாப்ள" என்பேன். "எந்த டேபிள்ல?" என்பார். "ஒரே டேபிள்தான். சிபாரிசு எடுபடாது." ஒருநாள் வெங்காயச் சட்னியை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றார். இன்னொரு நாள் ரேவதி சிரித்துக்கொண்டே மாடியேறிப் போனதைப் பார்த்துவிட்டு, படிக்கட்டின் அடியிலேயே நின்றுகொண்டிருந்தார். நாராயணவனத்துத் தூணுக்குப் பிறகு அந்த முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

பத்தாவது நாள் மாலை, ரேவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாமோதரம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் திரும்பாமலே மகளைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, உன் துணியெல்லாம் அம்மம்மா ரூம்ல கொண்டுபோய் வெய்யி. இனிமே அங்கதான் படுக்கணும்."

"ஃபார் ஹவ் லாங்?" என்றாள் பேத்தி.

"எப்பவும்."

"டாடி?"

"டாடி மேல வராரு. டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேம்மா," இது எனக்கு, "பாதி காசுதான் திருப்பித் தரானுங்க. போனா போவுது. பஞ்சாங்கத்த எடுத்துக்கினு வா, இன்னிக்கு விலக்கு இல்லன்னு நான் பாத்துட்டேன், நீயும் ஒருவாட்டி பாத்துடு."

பார்த்தேன். விலக்கு இல்லை. அன்று ஆவணி பதினேழு, வியாழக்கிழமை.